இரவு மைதானத்தில் கால்பந்து: மங்கின வெளிச்சத்தில் ஓடுகிற ஆட்டத்தைப் படம் எடுக்க ஒரு முழு வழிகாட்டி

பெங்களூரில் அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்துக்குப் போனால் அங்கே பீலேவுக்குச் சிலை இருக்கும். "மினி பிரேசில்" என்றுதான் அந்த ஏரியாவைச் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கிற இடம். கால்பந்து இல்லாமல் அங்கே ஒரு சாயங்காலமும் போகாது. பகலில் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற பையன்கள் ஆறரை, ஏழு மணிக்குத்தான் பூட்ஸ் மாட்டுவார்கள். அதனால் நல்ல ஆட்டமெல்லாம் லைட்டுக்குக் கீழேதான்.

அப்படி ஒரு ராத்திரி ஆட்டத்தை முதன்முதலாக எடுக்கப் போனபோது முந்நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். கேமராத் திரையில் எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால் ஒரு படத்திலும் கால் காலாக இல்லை. மறுநாள் கோல்கீப்பர் பையனின் பாட்டி தெருவில் நிறுத்திக் கேட்டார்: "புள்ள பாஞ்சு புடிச்சானே, அந்தப் படம் எங்கப்பா?" போனில் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல அவன் மொகமே இல்லியே ராஜா" என்றார். அதற்கப்புறம்தான் இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து கற்றதில் பெரியது ஒன்றுதான். வெளிச்சம் குறைந்த மைதானத்தில் பந்தைத் துரத்திக்கொண்டு போகக் கூடாது. வெளிச்சம் எங்கே நன்றாக விழுகிறதோ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் அங்கே வரும்வரை காத்திருக்க வேண்டும். கீழே சொல்லியிருக்கிற எண்களும் செட்டிங்குகளும் அதற்குத் துணை.

முதல் படி: ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தைச் சுற்றி வாருங்கள்

ஏழு மணி ஆட்டத்துக்கு ஆறரைக்கே போய்விடுங்கள். பழைய மெட்டல் ஹாலைடு விளக்காக இருந்தால் போட்டதும் முழு வெளிச்சம் வராது, சூடேற சில நிமிடம் எடுக்கும். அதுவரை பொறுத்திருந்துதான் சோதனைப் படம் எடுக்க வேண்டும். எல்இடி என்றால் அந்தக் கவலை இல்லை.

நம் கண் இருட்டுக்குத் தகுந்தபடி தன்னைச் சரிசெய்துகொண்டே இருப்பதால் மைதானம் முழுக்க ஒரே வெளிச்சம் போலத்தான் தோன்றும். கேமராவை எம் மோடில் (எல்லாவற்றையும் கையால் வைக்கிற முறை) வைத்து, அப்பர்ச்சர் என்கிற லென்ஸ் திறப்பு எஃப்/2.8 (எண் சின்னதானால் திறப்பு பெரிது), ஷட்டர் 1/500 விநாடி, வெளிச்சத்தை உணர்கிற அளவான ஐஎஸ்ஓ 6400 என்று பூட்டிவிடுங்கள். எதையும் மாற்றாமல், வார்ம்-அப் ஓடுகிற பையன்களை இந்தக் கோல் முன்னால் ஒன்று, நடுக்கோட்டில் ஒன்று, நாலு கார்னரிலும் ஒவ்வொன்று என எடுங்கள். பிறகு வரிசையாகத் தள்ளிப் பாருங்கள். எங்கே முகம் தெரிகிறது, எங்கே நிழலாக நிற்கிறது என்பது அப்போது புரியும்.

நான் அடிக்கடி போகிற மைதானத்தில் நாலு மூலையிலும் விளக்குக் கம்பம். வடக்குக் கோல் பெட்டிக்கு முன்னால் இரண்டு கம்பத்து வெளிச்சம் ஒன்றாக விழுகிறது. நடுக்கோட்டில் அதில் பாதிதான், அதாவது ஒரு ஸ்டாப் குறைவு. தெற்கு கார்னர் ஒன்றில் விளக்குகள் சரியாக எரிவதே இல்லை. அங்கே நாலில் ஒரு பங்குதான் கிடைக்கிறது, இரண்டு ஸ்டாப் குறைவு. எவ்வளவு அழகாக ஒருத்தன் அந்த கார்னரில் டிரிபிள் செய்தாலும் நான் கேமராவைத் தூக்குவதில்லை. கண்ணால் பார்த்து ரசிப்பதோடு சரி. ஒரு துண்டுத் தாளில் மைதானத்தை வரைந்து இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க அந்தத் தாள்தான் வழிகாட்டும்.

வெளிச்சம் எவ்வளவு என்பதோடு அது எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். கம்பத்து விளக்கு உச்சியிலிருந்து வருவதால், குனிந்து பந்தைப் பார்த்து ஓடுகிறவனுக்கு நெற்றியும் மூக்கும் மட்டும் தெரியும், கண்குழி கறுத்துவிடும். பந்து உயரே போனால் எல்லாரும் முகத்தைத் தூக்குவார்கள். அந்த ஒரு நொடியில் கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம் விழும். தலையால் முட்டுகிற படங்கள் இரவில் இவ்வளவு நன்றாக வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இரண்டாம் படி: முதலில் ஷட்டர் வேகத்தை முடிவு செய்யுங்கள்

என் முதல் ராத்திரி கெட்டுப்போனதற்குக் காரணம், கேமராவே முடிவு செய்யட்டும் என்று விட்டதுதான். அது 1/160-ஐத் தேர்ந்தெடுத்திருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 7 மீட்டர் ஓடுகிற பையன் 1/160 விநாடியில் நாலு செ.மீ.க்கும் மேல் நகர்ந்துவிடுவான். 1/1000-ல் வெறும் 7 மி.மீ. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகிற பந்து 1/250-ல் 8 செ.மீ. நகரும். பந்தின் குறுக்களவே சுமார் 22 செ.மீ.தான். படத்தில் அது பந்தாக இருக்காது, இழுத்த மாவாக இருக்கும். உதைக்கிற காலோ ஓடுகிற உடம்பைவிட வேகம்.

அதனால் 1/1000-ஐக் குறியாக வையுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் 1/800, 1/640 வரை இறங்கலாம். பெரிய பையன்கள் ஆட்டத்துக்கு 1/500-க்குக் கீழே நான் போவதில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் ஆடினால் 1/400-லும் சமாளிக்கலாம்.

இதில் ஒரு வழி இருக்கிறது, செலவில்லாத வழி. உங்களுக்குக் குறுக்கே ஓடுகிறவன்தான் படத்தில் அதிகம் கலங்குவான். உங்களை நோக்கி நேராக ஓடி வருகிறவனின் அசைவு கேமராவுக்குக் குறைவாகத்தான் தெரியும். பக்கக் கோட்டில் நின்றால் எல்லா ஓட்டமும் குறுக்கு ஓட்டம். கோல் கோட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்தால் ஓடி வருகிறவர்கள் உங்களைப் பார்த்து வருவார்கள். பக்கத்திலிருந்து 1/1000 தேவைப்பட்ட ஓட்டத்துக்கு இங்கே 1/500 போதும். இடம் மாறினதாலேயே ஒரு ஸ்டாப் வெளிச்சம் மிச்சம்.

மூன்றாம் படி: லென்ஸ்

கேமராவோடு வருகிற 18-55 லென்ஸைப் பெரிதாக இழுத்தால் அப்பர்ச்சர் எஃப்/5.6-க்குச் சுருங்கிவிடும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைவிடப் பத்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவான வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது பழைய லென்ஸில் 1/100 கிடைத்த இடத்தில் இதில் 1/1000 கிடைக்கும். கலங்கின படத்துக்கும் உறைந்து நிற்கிற படத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். லென்ஸ்களில் விலை குறைந்த வகையிலேயே இது சேரும். கேமராவை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறவர்களிடம், முதலில் இதை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

ஐந்து பேர், ஏழு பேர் ஆடுகிற சின்ன மைதானத்துக்கு 50-உம் 85-உம் எஃப்/1.8-ல் தாராளம். பதினொரு பேர் ஆடுகிற முழு மைதானத்துக்கு 70-200 எஃப்/2.8 வேண்டும். விலை லட்சத்தைத் தாண்டும். பெங்களூரில் லென்ஸ் வாடகைக்குத் தருகிற இடங்கள் நிறைய உண்டு. முக்கியமான பந்தயத்துக்கு மட்டும் ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம். எஃப்/5.6, 6.3 என்று போகிற நீண்ட ஜூம்கள் பகலுக்கு. ராத்திரிக்கு அதைக் கொண்டுபோவதைவிட, குட்டையான வேக லென்ஸில் எடுத்து அப்புறம் வெட்டிக்கொள்வது மேல்.

அப்பர்ச்சரை முழுக்கத் திறந்தால் ஃபோகஸ் ஆகிற ஆழம் குறையும். ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமராவில் ஆறு மீட்டர் தூரத்தில் இருக்கிற ஆளை 50 மி.மீ. எஃப்/1.8-ல் எடுத்தால் சுமார் ஒரு மீட்டர் ஆழம் தெளிவாக இருக்கும். அதே தூரத்தில் 85 மி.மீ. என்றால் ஒன்றேகால் அடிக்குள் முடிந்துவிடும். பந்துக்குப் போராடுகிற இருவரில் ஒருவர்தான் தெளிவாக வருவார். யார் என்பதை நீங்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காம் படி: ஐஎஸ்ஓவுக்குப் பயப்படாதீர்கள்

ஷட்டரும் அப்பர்ச்சரும் முடிவான பிறகு மிச்சம் இருப்பது ஐஎஸ்ஓ மட்டும்தான். முகம் தெளிகிற அளவுக்கு அதை ஏற்றுங்கள். நம் பேட்டை மைதானங்களில் 6400 சாதாரணம், இருண்ட மூலைகளில் 12800. டிவியில் காட்டுகிற பெரிய ஸ்டேடியத்து வெளிச்சம் கிடைத்தால் எஃப்/2.8, 1/1000 வைத்துக்கூட 1600, 3200-ல் எடுக்கலாம், ஆனால் அந்த வசதி நமக்கு எப்போதாவதுதான்.

படத்தில் புள்ளி விழுமே என்பார்கள். விழட்டும். புள்ளியைப் பின்னால் குறைக்கலாம். கலங்கினதை யாராலும் தெளிய வைக்க முடியாது. புள்ளிக்குப் பயந்து 1600-ல் இருட்டாக எடுத்து, கம்ப்யூட்டரில் வெளிச்சம் ஏற்றினால் நிழல் பகுதியெல்லாம் சேறு மாதிரி ஆகிவிடும்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது முகங்களைப் பற்றி. கறுத்த முகம், மேலிருந்து விழுகிற வெளிச்சம், வியர்வை மினுமினுப்பு: இந்த மூன்றும் சேர்ந்தால் கேமரா காட்டுகிற "சரியான" அளவு நம் பையன்களுக்குச் சரியாக இருக்காது. வெள்ளை ஜெர்சியைப் பார்த்து அளந்தால் முகம் கரியாகிவிடும். நான் எப்போதும் முகத்தைப் பார்த்து அளப்பேன், சோதனைப் படத்தில் தெரிவதைவிட மூன்றில் இரண்டு ஸ்டாப் கூடுதலாகக் கொடுப்பேன். வெள்ளை ஜெர்சியின் தோளில் கொஞ்சம் விவரம் போனாலும் பரவாயில்லை. கண்ணும் பல்லும் வியர்வையும் தெரிய வேண்டும். பாட்டி தேடினது ஜெர்சியை இல்லை.

ஆட்டோ ஐஎஸ்ஓ வைக்கலாமா? வெளிச்சம் இடத்துக்கு இடம் ரொம்ப மாறினால் வைக்கலாம். ஆனால் பின்னால் கறுத்த வானம் அதிகமாக இருந்தால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தை ஏற்றிவிடும், விளக்கு ஒன்று படத்துக்குள் வந்துவிட்டால் சட்டென்று இறக்கிவிடும். மைதான வரைபடம் கையில் இருக்கும்போது நான் எல்லாவற்றையும் கையாலேயே வைக்கிறேன். வடக்குக் கோலுக்கு 6400, நடுவுக்கு 12800. இரண்டே எண், ஒரு டயல் திருப்பு.

அப்புறம், கேமராத் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். சுற்றிலும் இருட்டாக இருக்கும்போது மங்கின படம்கூட அதில் பளிச்சென்று தெரியும். அன்று நான் ஏமாந்தது அதில்தான். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டுகிற ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து நம்புங்கள்.

ஐந்தாம் படி: விளக்கு மினுக்குவதைக் கண்டுபிடியுங்கள்

இதைப் பலரும் கேமராக் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரே இடத்தில், ஒரே செட்டிங்கில், தொடர்ந்து எடுத்த பத்துப் படத்தில் மூன்று வெளிச்சமாக, நாலு இருட்டாக, மிச்சம் பழுப்பாக இருக்கும். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. மினுக்குவது விளக்கு.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மெட்டல் ஹாலைடு விளக்குகளும், மலிவான டிரைவர் (விளக்குக்கு மின்சாரம் தருகிற சர்க்யூட்) போட்ட எல்இடிகளும் அதற்கு ஏற்ப விநாடிக்கு நூறு தடவை கூடிக் குறையும். ஒரு ஏற்ற இறக்கம் 10 மில்லி விநாடி. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 1/1000-ல் எடுக்கும்போது அந்த 10 மில்லி விநாடியில் ஒன்றைத்தான் நீங்கள் வெட்டி எடுக்கிறீர்கள். உச்சியில் வெட்டினால் வெளிச்சம், பள்ளத்தில் வெட்டினால் இருட்டு. மெட்டல் ஹாலைடில் நிறமும் சேர்ந்து மாறும். ஷட்டர் திரை படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக மூன்று நாலு மில்லி விநாடி ஆவதால், ஒரே படத்தில் மேல் பாதி வெளிச்சமாகவும் கீழ்ப் பாதி மங்கலாகவும் வருவதும் உண்டு.

கண்டுபிடிப்பது சுலபம். ஆட்டத்துக்கு முன்னால் கோல் கம்பத்தை நோக்கி, நீங்கள் வைக்கப்போகிற அதே ஷட்டர் வேகத்தில் இருபது படம் படபடவென்று எடுங்கள். வெளிச்சம் ஒரே சீராக இருந்தால் கவலையை விட்டுவிடலாம்.

ஏறி இறங்கினால் முதலில் கேமரா மெனுவில் ஃப்ளிக்கர் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். 2014-ல் வந்த கேனான் 7டி மார்க் 2-வில் அது உண்டு. அதற்குப் பிறகு வந்த நிகான், சோனி கேமராக்கள் பலவற்றிலும் உண்டு. பெரும்பாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதைப் போட்டால் விளக்கு உச்சிக்கு வருகிற கணத்தைப் பார்த்து கேமரா ஷட்டரைத் திறக்கும். விநாடிக்கு எடுக்கிற படங்களின் எண்ணிக்கை கொஞ்சம் குறையலாம், போகட்டும். அந்த வசதி இல்லையென்றால் இரண்டு மூன்று கம்பத்து வெளிச்சம் ஒன்றாக விழுகிற இடத்துக்குப் போங்கள். கம்பங்கள் மூன்று ஃபேஸ் மின்சாரத்தின் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறி, மினுக்கலை ஈடுகட்டிவிடும். மைதானம் கட்டியவர்கள் ஒழுங்காக வயரிங் செய்திருந்தால் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருக்கும். இந்த விளக்குகளுக்குக் கீழே அதைத் தொடாதீர்கள். பல கேமராக்களில் சென்சார் முழுவதையும் மேலிருந்து கீழாகப் படிக்க 1/30 விநாடி போலப் பிடிக்கும். அதற்குள் விளக்கு மூன்று தடவை ஏறி இறங்கிவிடும், படத்தில் மூன்று கறுப்புப் பட்டை விழும். பந்தும் கோணிக்கொள்ளும். 2023-ல் அறிவித்த சோனி ஏ9 III போல முழு சென்சாரையும் ஒரே நேரத்தில் படிக்கிற கேமராவில் பந்து கோணாது, பட்டையும் விழாது. அதன் விலை வேறு உலகம். நம்மிடம் இருப்பதில் மெக்கானிக்கல் ஷட்டர் போதும்.

ஆறாம் படி: ஃபோகஸ்

ஆளை விடாமல் தொடர்கிற ஃபோகஸில் (ஏஎஃப்-சி, கேனானில் ஏஐ சர்வோ) வையுங்கள். இருட்டில் ஃபோகஸ் தடுமாறுவதற்குக் காரணம் பிடித்துக்கொள்ள விளிம்பு இல்லாததுதான். கறுப்பு ஜெர்சியின் நடுவில் ஃபோகஸ் புள்ளியை வைத்தால் அது எதைப் பிடிக்கும்? முதுகு எண், மார்புப் பட்டை, ஷார்ட்ஸின் ஓரக் கோடு என்று வெள்ளையும் கறுப்பும் சந்திக்கிற இடத்தில் வையுங்கள். டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) என்றால் நடுப்புள்ளியை மட்டும் பயன்படுத்துங்கள். இருட்டில் அதுதான் பெரும்பாலும் வலுவானது. புதிய மிரர்லெஸ் கேமராக்கள் முகத்தையும் கண்ணையும் தேடிப் பிடிக்கும். தனியாக ஓடி வருகிறவனுக்கு அது அற்புதம். பெட்டிக்குள் எட்டுப் பேர் மோதும்போது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அப்போது சின்ன ஃபோகஸ் பகுதிக்கு (ஜோன்) மாற்றிவிடுங்கள்.

ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸைப் பிரித்து, பின்பக்கம் இருக்கிற ஏஎஃப்-ஆன் பட்டனுக்குக் கொடுத்துவிடுங்கள். கட்டை விரலால் ஆளைப் பிடித்துத் தொடரலாம், ஆட்காட்டி விரலால் எடுக்கலாம். இரண்டு நாள் கை குழம்பும், மூன்றாம் நாள் பழகிவிடும். முக்கியமானது, படம் எடுக்க நினைக்கிற கணத்துக்கு ஒரு விநாடி முன்பே கட்டை விரல் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். மங்கின வெளிச்சத்தில் கேமராவுக்கு அந்த அவகாசம் தேவை.

கோல்கீப்பர் பாய்வதை எடுக்க நான் ஃபோகஸைத் தொடர விடுவதே இல்லை. கோல் கம்பத்தின் மேல் ஃபோகஸ் செய்து கட்டை விரலை எடுத்துவிடுவேன். கோட்டின் மேல் அவன் பாய்ந்தால் அந்த ஆழத்துக்குள்தான் வருவான்.

ஏழாம் படி: எங்கே உட்காருவது, எப்போது அழுத்துவது

கோல் கோட்டுக்குப் பின்னால், கோல் கம்பத்திலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி, முதுகுக்குப் பின்னால் ஒரு விளக்குக் கம்பம் இருக்கிற மாதிரி உட்காருங்கள். நின்று எடுத்தால் புல்தரைதான் பின்னணி. உட்கார்ந்து எடுத்தால் ஆள் உயர்ந்து தெரிவான், பின்னால் இருட்டு வரும். பின்னணியில் கடை டியூப்லைட், நிறுத்தி வைத்த பைக் வராத கோணமாகப் பாருங்கள். வலை கட்டின டர்ஃப் என்றால் லென்ஸை வலையில் ஒட்டியே வைத்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எடுங்கள், வலை காணாமல் போகும்.

இனி கணம். குதிக்கிற உடம்பு உச்சியில் ஒரு நொடி நிற்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம், உச்சியில் வேகமே இல்லை. தலையால் முட்டுகிறவனை அந்த உச்சியில் பிடித்தால் 1/400-லும் கூர்மையாக வரும். உதைக்கிறவனுக்கு, கால் பின்னால் முழுக்கப் போய்த் திரும்புகிற நொடி அப்படி. ஓடுகிறவன் சட்டென்று திசை மாற்ற ஒரு காலை ஊன்றுகிற நொடி அப்படி. வெளிச்சம் குறைவு என்றால் இந்த மாதிரி நிற்கிற கணங்களைத் தேடிப் பழகுங்கள். இவை எப்போது வரும் என்று தெரிய ஆட்டம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கேளுங்கள். நான் ஆட்டத்துக்கு முன்னால் கோச்சிடம் போய், "கார்னர் யார் அடிப்பாங்க, யார் தலையால முட்டுவாங்க?" என்று கேட்டுவிடுவேன். ஒருமுறை ஒரு சின்னப் பையன் குறுக்கே வந்து, "அண்ணா, பத்தாம் நம்பர் எப்பவும் உள்ளதான் வெட்டுவாரு, நீ இந்தப் பக்கம் உக்காரு" என்றான். அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். இரண்டாவது பாதியில் பத்தாம் நம்பர் உள்ளே வெட்டி அடித்த கோல், பந்து காலை விட்டுப் பிரிகிற நொடியோடு, என்னிடம் இருக்கிறது.

பர்ஸ்டில் (தொடர்ந்து படபடவென்று எடுக்கிற முறை) வைத்தாலும் மூன்று நாலு படமாக அழுத்தி விடுங்கள். விடாமல் அழுத்தினால் பஃபர் (கார்டுக்குப் போகும் முன் படங்கள் தங்குகிற நினைவகம்) நிரம்பி, கோல் விழுகிற நேரத்தில் கேமரா எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ரா (RAW) ஃபைலாக எடுங்கள், வேகமான கார்டு போடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், பந்தைப் பார்த்து ஓடுகிறவனின் கண்ணில் அடிப்பது தப்பு.

வெளிச்சம் சுத்தமாக இல்லையென்றால்? அப்போதும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஃப்ரீ கிக்குக்கு முன் சுவர் கட்டி நிற்கிறவர்கள், த்ரோ-இன்னுக்குப் பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனவன், கோல் விழுந்ததும் கட்டிப்பிடிக்கிறவர்கள், மதில் மேல் உட்கார்ந்து கத்துகிற தாத்தாக்கள் என 1/250-லேயே எடுக்கக் கூடியவை எத்தனையோ. விளக்கை நோக்கித் திரும்பி ஆட்களை நிழலுருவாக எடுக்கலாம். 1/40 வைத்து, ஓடுகிறவனோடு கேமராவையும் சேர்த்துத் திருப்பினால் பின்னணி கோடுகளாக ஓட, ஆள் மட்டும் நிற்பான். இருபதில் ஒன்று தேறும், அந்த ஒன்று அழகாக இருக்கும்.

மழை, உள்ளரங்கம், போன்

பெங்களூரில் மே மாத சாயங்கால மழையும் செப்டம்பர், அக்டோபர் மழையும் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, லென்ஸுக்கு ஹூட், துடைக்கக் காய்ந்த துணி போதும். மழையில் மட்டும் என் விதியை மாற்றிக்கொள்வேன். விளக்கு எதிரே வருகிற மாதிரி உட்காருவேன். ஒவ்வொரு துளியும் வெளிச்சம் பிடித்து நிற்கும்.

கண்டீரவா உள்ளரங்கம் போன்ற இடத்தில் கபடி எடுக்கப் போனாலும் இதே கணக்குதான். வெளிச்சம் சீராக இருக்கும், ஆடுகளமும் 13-க்கு 10 மீட்டர்தான் என்பதால் வேலை சுலபம். பாடிப் போனவன் நடுக்கோட்டுக்குத் திரும்பி எட்டிப் பாய்கிற கோணத்தில் உட்காருங்கள். பேட்மின்டனுக்கு 1/1000-க்கும் மேலே வேண்டும், ஃப்ளாஷ் அறவே கூடாது.

போனில் எடுக்கிறவர்கள் நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது, ஓடுகிற ஆளுக்கு ஒத்துவராது. பிரதான கேமராவையே பயன்படுத்துங்கள், ஜூம் வேண்டாம், ப்ரோ மோடில் 1/500 வையுங்கள், கோட்டுக்குக் கிட்டே போங்கள்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

மைதானத்தில் உட்கார்ந்து எதையும் அழிக்காதீர்கள். வீட்டில் ஆற அமரப் பாருங்கள். முதல் சுற்றில் முகம் தெளிவாக இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றில் பந்தும் முகமும் சேர்ந்திருப்பவை. முந்நூறில் முப்பது தேறினால் நல்ல ராத்திரி.

வொயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) ஒரு படத்தில் சரிசெய்து எல்லாவற்றுக்கும் ஒட்டுங்கள். மலிவான எல்இடி பச்சை அடிக்கும், மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளினால் தோல் நிறம் திரும்பி வரும். புள்ளியைக் குறைக்க, லைட்ரூம் என்கிற எடிட்டிங் மென்பொருளில் 2023 முதல் வந்திருக்கிற ஏஐ டினாய்ஸ் ரா ஃபைல்களில் நன்றாக வேலை செய்கிறது. பாதி அளவுக்கு மேல் இழுக்காதீர்கள். முகம் பொம்மை மாதிரி வழவழவென்று ஆகிவிடும், வியர்வை போய்விடும். போன் திரையிலும் சின்னப் பிரின்டிலும் அந்தப் புள்ளி யாருக்கும் தெரியப்போவதில்லை. வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் அது படத்தை நசுக்கிவிடும். சின்னப் பிள்ளைகளின் படத்தை வெளியே போடுவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படம் போய்ச் சேர வேண்டியது ஆடினவர்களின் வீட்டுக்கு. இந்த ஊர் மண்ணில் ஆடி வளர்ந்த சாரங்கபாணி ராமன் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தார். அந்த அணியில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். இன்று கௌதமபுரத்தில் ஓடுகிற பையன்களில் யார் எதுவரை போவார்கள் என்று இப்போது யாருக்கும் தெரியாது. பதினாறு வயதில் அவன் பாய்ந்த ஒரு பாய்ச்சல் முகத்தோடு, கண்ணோடு ஒரு வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை கணக்கும்.

கடைசியாக ஒரு வேலை. தூங்கப் போகும் முன் அன்றைய மைதானத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை அரை மணி நேரம் மிச்சமாகும். என் நோட்டில் போன வாரத்துப் பக்கம் இப்படி இருக்கிறது:

"வடக்குக் கோல், வலது கம்பம் முதுகுக்குப் பின்னால். 85 மி.மீ., எஃப்/2, 1/800, 6400. முகம் நன்று. மினுக்கல் இருக்கிறது, ஃப்ளிக்கர் வசதி போட்டதும் சரி. நடுக்கோடு 12800. தெற்கு கார்னர் விளக்கு இன்னும் சரி செய்யவில்லை. ஏழாம் நம்பர் இடது கால்."